குறிப்பேட்டில் ஒரு சமயம்

நாடக இயக்குநர் ஒருவர் ஒத்திகைக்காக எழுதிவைக்கும் தாள்கள் வாசகரை மனத்தில் கொண்டு எழுதப்படுபவையல்ல. நடிகர் எந்தச் சொல்லில் தலைநிமிர வேண்டும், விளக்கு எப்போது மங்க வேண்டும், மேசையின் இழுப்பறையில் எந்தப் பொருள் இருக்க வேண்டும் என்பன போன்ற விவரங்களே அவற்றில் நிறைந்திருக்கும். நாடகம் மேடையேறி முடிந்ததும் அவை பெரும்பாலும் கழிதாள்களாகிவிடும். சாமுவேல் பெக்கெட் 1969இல் மேற்கு பெர்லினின் ஷில்லர் தியேட்டரைச் சேர்ந்த வெர்க்ஷ்டாட் என்னும் சிற்றரங்கில், தம்முடைய ‘கிராப்பின் கடைசி ஒலிநாடா’வை ஜெர்மன் மொழியில் தாமே இயக்கியபோது எழுதிய குறிப்பேடும் அடிப்படையில் இத்தகையதே. ஆனால் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டு, ஜேம்ஸ் நோல்சனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1992இல் அச்சேறிய அந்த ஏட்டில், நடிகர் மார்ட்டின் ஹெல்டின் நடைகளையும் டேப் ரிக்கார்டரைக் கையாளும் முறைகளையும் வகுக்கும் பக்கங்களோடு சேர்ந்து, கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் மெசொப்பொத்தேமியாவில் எழுந்த ஒரு சமயத்தின் கொள்கைகளும் குறிக்கப்பட்டிருக்கின்றன. பெக்கெட் அச்சமயத்தைச் சார்ந்தவரல்லர். பார்வையாளர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. நம்புவோர் எவருமில்லாத ஒரு கொள்கை ஒரு மேடையின் விளக்கையும் ஒரு நடிகரின் கையையும் ஆளுமானால், சமயக் கொள்கை என்பது முதலில் நம்பிக்கையா, நடக்கையா என்ற பழைய வினா இங்கே புதிய வடிவில் எழுகிறது.

அச்சமயத்தை நிறுவிய மானி கி.பி. 216இல் பிறந்து, சாசானியப் பேரரசின் சிறையில் உயிர்நீத்தவர். ஒளி, இருள் ஆகிய இரண்டும் தோற்றமில்லாத தனித்தனி அரசுகள் என்றும், இருள் ஒளியின் எல்லைக்குள் புகுந்ததால் ஒளியின் துகள்கள் சடப்பொருளுக்குள் சிறைப்பட்டன என்றும், அத்துகள்களைப் பிரித்து மீட்பதே மீட்சி என்றும் அவர் போதித்தார். ஒன்பது ஆண்டுகள் இச்சமயத்தைப் பின்பற்றிவிட்டுப் பின்னர் அதனைக் கடுமையாக மறுத்த புனித அகுஸ்தீனார், அதன் ஒழுக்கம் வாய், கை, மார்பு என்னும் மூன்று முத்திரைகளாக வகுக்கப்பட்டிருந்ததை விளக்குகிறார். முத்திரை என்பது இங்கே காவல் அல்லது தடை என்ற பொருளில் வருவது: வாயின் முத்திரை புலாலையும் மதுவையும் விலக்கியது, கையின் முத்திரை செடிகொடிகளுக்கும் ஊறு செய்வதைத் தடுத்தது, மார்பின் முத்திரை காமத்தைக் கட்டியது. துறவு நிலையினரான ‘தேர்ந்தோர்’ காய்கனிகளைத் தாமே பறிக்காமல், இல்லறத்தாரான ‘கேட்போர்’ கொண்டுவந்து படைத்ததை உண்டார்கள். அவர்களுடைய வயிற்றில் உணவு செரிக்கும்போது அதனுள் அடைபட்ட ஒளி விடுதலை பெறும் என்று கருதப்பட்டது. அகுஸ்தீனார் இதனை எள்ளி நகையாடினார். நகையாடலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பிரபஞ்சத்தின் வரலாறு முழுவதையும் ஒரு பழத்தை உண்ணும் செயலுக்குள் அடக்கிய சமயம் அது என்பது புலப்படும். அந்த வகையில் அது நாடகக்காரருக்கு மிகவும் வசதியான சமயம்.

1958இல் முதன்முதலாக இலண்டனில் மேடையேறிய அந்நாடகத்தில், அறுபத்தொன்பது வயதான கிராப் தன் முப்பத்தொன்பதாம் வயதில் பதிவுசெய்த ஒலிநாடாவைத் தன்னந்தனியே கேட்கிறான். வாழைப்பழம் தின்கிறான், மேடைக்குப் பின்னே போய்க் குடிக்கிறான், பரத்தையோடு கழித்த பொழுதுகளைப் புதிய நாடாவில் பதிவுசெய்கிறான். மூன்று முத்திரைகளும் உடைபட்டுக் கிடக்கின்றன என்பதை மானியின் சமயத்தை அறிந்த எவரும் உடனே காண்பர். பெக்கெட்டின் குறிப்புகள் இத்துடன் நின்றுவிடவில்லை என்பதே அவற்றின் சிறப்பு. ஒளிக்கும் இருளுக்கும் அடையாளமாக நாடகத்தில் வருவனவற்றை அவர் தொகுத்துக்கொள்கிறார்: வெண்ணாய்க்குக் கொடுக்கப்படும் கறுப்புப் பந்து, வெள்ளுடைச் செவிலி தள்ளிவரும் கறுப்புக் குழந்தைவண்டி, இருட்டறையில் மேசைக்கு மேல் மட்டும் எரியும் விளக்கு. தொடர்ந்து கிராப்பின் குற்றம் எது என்று ஆராய்கிறார். முப்பத்தொன்பதாம் வயதில், புயல்வீசும் ஓர் இரவில், தான் அதுவரை அடக்கிவந்த இருளே தன் படைப்புக்கு உற்ற துணை என்பது கிராப்புக்குப் புலப்படுகிறது. அதாவது, அறிவின் தளத்தில் ஒளியும் இருளும் இணையக்கூடும் என்று அவன் உணர்கிறான். அவ்வாறு உணர்ந்த அதே ஆண்டில்தான், வாழ்க்கையின் தளத்தில் அவை ஒருபோதும் இணையா என்று தீர்ப்பளித்துக் காதலைத் துறக்கிறான்.

குறிப்பேட்டின் இக்கருத்து, படகுக் காட்சியைத் திரும்பப் படிக்கும்போது முழு வலிமை பெறுகிறது. ஏரியில் மிதக்கும் படகில் படுத்திருக்கும் பெண்ணால் வெயில் கூசுவதால் கண்ணைத் திறக்க முடிவதில்லை. கிராப் அவள்மீது குனிந்து தன் நிழலை விழச்செய்தபோதே அவள் கண்கள் திறக்கின்றன. பார்வைக்கு ஒளி மட்டும் போதாது, நிழலும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நாடகப்பகுதி அரிது. ஆயினும் காதலுக்கு விடைகொடுக்கும் பேச்சும் அந்தப் படகிலேயே நிகழ்ந்துவிடுகிறது. மானியின் அளவுகோலைக் கையிலெடுத்த பெக்கெட், அதனைக் கொண்டு பிரித்தவனையே குற்றவாளியாக அளந்திருக்கிறார் என்று இதனைக் கொள்வதே பொருத்தம்.

தமிழ் வாசகர் இங்கே சைவ சித்தாந்தத்தை நினைவுகூர்வது இயல்பு. உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயன் ‘இருள்மல நிலை’ என ஓர் அதிகாரத்தையே வகுத்துக்கொண்டு, ஆணவ மலத்தை இருளாகவும் தொடக்கமற்றதாகவும் காட்டுகிறது. எனினும் சித்தாந்தத்தின் இருள், மானி கூறியதைப் போல இறைவனுக்கு எதிராகப் படைதிரட்டி வரும் அரசன்று. அது உயிரைப் பற்றிய மறைப்பு, அருளால் வலி குன்றுவது. கிராப்புக்கு அத்தகைய அருள் எதுவும் மேடையில் வைக்கப்படவில்லை.

பெக்கெட் இவற்றைப் பார்வையாளருக்குச் சொல்லவில்லை. தம் நாடகங்களின் உட்பொருளை விளக்க அவர் மறுத்துவந்தது பரவலாக அறியப்பட்ட செய்தி. கோமாளித்தனத்தைக் குறைக்கும் நோக்கில் மூல நூலில் இருந்த ஊதா நிற மூக்கை நீக்கினார். கிராப் திடீரென உறைந்து, பின்புறத்து இருளை வெறித்துப் பார்க்கும் அசைவைச் சேர்த்தார். அங்கே மரணம் நிற்கிறது, அதனை அறியாமலே அவன் தேடுகிறான் என்பதை ஹெல்டுக்கு மட்டும் விளக்கினார். கொள்கை தாளிலிருந்து நடிகரின் கழுத்துக்குச் சென்றது. அரங்கில் அமர்ந்தவர் கண்டதெல்லாம் ஒரு முதியவர் திரும்பிப் பார்ப்பதைத்தான். ஆகவே இக்குறிப்பேட்டை நாடகத்தின் பூட்டைத் திறக்கும் சாவியாகக் கருதும் ஆய்வாளர்களோடு உடன்படுவது கடினம். மானியின் ‘கேட்போர்’ பலருக்கும் இரு அரசுகளின் போர்க்கதையைவிட, இதை உண், இதைத் தொடாதே என்ற விதிகளே அன்றாடச் சமயமாக இருந்திருக்கும். அந்த அன்றாடத் தன்மையைத்தான் ஒத்திகைக் குறிப்பு மீட்டெடுக்கிறது: நம்பிக்கை உதிர்ந்த பிறகும் வாய்க்கும் கைக்கும் மார்புக்கும் விதித்த ஒழுங்கு எஞ்சுகிறது, நடிகருக்கு வேண்டியதும் அதுவே.

அச்சேறியதால் குறிப்பேட்டின் நிலை மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சரதுஷ்டிரர், புத்தர், இயேசு ஆகியோர் தம் போதனைகளைத் தாமே எழுதிவைக்காததால்தான் அவை பின்னாளில் திரிந்தன என்று கருதிய மானி, தம் மறைநூல்களைத் தாமே எழுதினார். அவற்றுள் பெரும்பகுதி அழிந்து, துணுக்குகளே எஞ்சின. பெக்கெட்டின் ஏட்டுக்கு நேர்ந்தது இதற்கு மாறானது: ஓர் அரங்குக்காக, ஒரு நடிகரின் உடலுக்காக எழுதப்பட்டது முழுமையாகப் பாதுகாக்கப்பட்டு, பிற்கால இயக்குநர்கள் சிலரால் ஏறத்தாழ ஆகமம் போலப் படிக்கப்படுகிறது. இப்படிப் படிப்பதற்கு அந்த ஏடு இடம் தருவதாகத் தோன்றவில்லை. 1977இல், சான் குவென்டின் சிறையில் கைதியாக இருந்து நடிகரான ரிக் கிளச்சியைக் கொண்டு அதே பெர்லினில் அந்நாடகத்தை மறுபடி இயக்கியபோது, பெக்கெட் தாம் முன்பு வகுத்தவற்றுள் சிலவற்றைத் தாமே மாற்றிக்கொண்டார்.