மிச்சம் பிடித்த ஒன்பது நிமிடம்

விருகம்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து மணப்பாக்கம் ஆபீஸ் ஒன்றும் தூரமில்லை. ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலை ஆரம்பிப்பதற்கு முன் பைக்கில் 25 நிமிடம். பச்சைத் தகரங்களை வைத்து ரோட்டைப் பாதியாக்கிய பிறகு 50. மழை பெய்தால் கணக்கே கிடையாது.

மெட்ரோ மேல் எனக்குக் கோபமில்லை. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டிய இரண்டாம் கட்டத்தில் மூன்று வழித்தடங்கள், மொத்தம் சுமார் 119 கிலோமீட்டர். ஆழ்வார்திருநகரிலிருந்து காரம்பாக்கம் வரை இரண்டு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தூணில் போகின்றன. இன்ஜினியரிங் படித்தவனுக்கு அண்ணாந்து பார்க்கப் பிடிக்கும். முதல் கட்ட வேலை 2009-ல் தொடங்கி, 2015 ஜூன் கடைசியில்தான் கோயம்பேடு – ஆலந்தூர் ரயில் ஓடியது. அதில் ஏசி காற்று வாங்கிக்கொண்டு போனபோது, அதற்காக ஆறு வருடம் தூசி தின்றவர்களை நான் நினைக்கவில்லை. இப்போது என் முறை என்று தேற்றிக்கொண்டேன்.

ஆனால் என் முறையை நான் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருநாள் மேப் நீலக்கோட்டை வளைத்து, வளசரவாக்கத்துக்குள் ஒரு தெருவைக் காட்டியது. ஒன்பது நிமிடம் மிச்சம். இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய அளவு தெரு. முதல் வாரம் என்னோடு நாலைந்து பைக்குகள்தான் வந்தன. அடுத்த மாதம் கார்கள், கேப்கள், தண்ணி லாரி. எல்லார் போனிலும் அதே நீலக்கோடு.

ஒரு காலை, முன்னால் போன கார் சட்டென்று நின்றது. நான் இடதுபக்கம் ஒடித்தேன். அங்கே ஒரு கேட் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து ஒரு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். முன்சக்கரம் கோலத்தின் மேல் ஏறி, அவர் கைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மாவு டப்பா உருண்டது.

"சாரிம்மா, சாரிம்மா" என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"முன்னல்லாம் ஏழு மணிக்குப் போடுவேன் தம்பி. வண்டி வர ஆரம்பிச்சதுலேருந்து அஞ்சு மணிக்கே எந்திரிச்சுப் போட்டுடறது. இன்னைக்கு அசந்துட்டேன்" என்றார். தப்பு அவருடையது என்பது போல. பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று முழுக்க கோட் ஓடவில்லை. மதியம் டீ குடிக்கும்போது நண்பனிடம் சொன்னேன். "டேய், நீ ஒருத்தன் போகலைன்னா அந்தத் தெரு காலியாயிடுமா? அப்புறம் அது பொதுத் தெரு. அவங்க அப்பன் வீட்டுதா?" என்றான்.

இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்கு டெரக் பார்ஃபிட் 1984-ல் எழுதிய 'ரீசன்ஸ் அண்ட் பர்சன்ஸ்' புத்தகத்தில் ஒரு கற்பனை இருக்கிறது. ஆயிரம் பேரை ஆயிரம் பேர் வதைக்கிறார்கள். ஒவ்வொருவனும் ஒரு பட்டனைத்தான் அழுத்துகிறான். அவன் ஒருவனால் கூடும் வலியை யாராலும் உணரக்கூட முடியாது. ஆனால் ஆயிரம் பட்டன்களும் சேர்ந்தால் தாங்க முடியாத வலி. 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று ஒவ்வொருவனும் சொன்னால், அந்த வலியைக் கொடுத்தது யார்? என் பைக் மட்டும் போயிருந்தால் அந்த அம்மாவுக்கு ஏழு மணி ஏழு மணியாகவே இருந்திருக்கும். அவரை ஐந்து மணிக்கு எழுப்பியது நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான்.

தெரு பொதுதான். எனக்கு அதில் போக உரிமை உண்டு. ஆனால் உரிமை இருப்பதும் அதைச் செய்வது சரியாக இருப்பதும் ஒன்றல்ல. ஆம்புலன்ஸ் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால் நானும் போவேன், கூசாமல் போவேன்.

என் தொழிலில் இதற்கு லோட் பேலன்சிங் என்று பெயர். ஒரு சர்வர் திணறினால் வேலையைச் சும்மா இருக்கும் இன்னொன்றுக்குத் திருப்பிவிடுவோம். நான் எழுதிய கோடும் அதைத்தான் செய்கிறது. மேப்புக்கும் அந்தத் தெரு சும்மா இருக்கும் ஒரு சர்வர்தான். அங்கே பிள்ளைகள் சைக்கிள் பழகுவதும் கோலம் போடுவதும் அதன் கணக்கில் வராது. மெயின் ரோட்டில் நிற்கும் எம்டிசி பஸ்ஸால் எந்தச் சந்துக்குள்ளும் திரும்ப முடியாது. அதில் கம்பியைப் பிடித்து நிற்பவர்கள் தாமதத்தை முழுசாக வாங்கிக்கொள்கிறார்கள். போனும் பைக்கும் இருக்கிற நான் என் பங்கைக் கொண்டுபோய் ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருகிறேன்.

சரி, எதற்காக அந்த ஒன்பது நிமிடம்? ஒன்பதரை மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்காக. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன் என்று ஆளுக்கு ஒரு நிமிடம் சொல்லும் மீட்டிங். அதைப் பத்து மணிக்கு மாற்றலாமா என்று மேனேஜரிடம் கேட்க எனக்கு ஆறு மாதமாகத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதும் பொய். தோன்றியது, கேட்கக் கூச்சமாக இருந்தது. முகம் தெரிந்த ஒருவரிடம் அரை மணி நேரம் கேட்பதைவிட, முகம் தெரியாத ஒருவரிடம் கேட்காமலே எடுத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தத் தெருவில் என்னோடு வந்த பலர் இப்படித்தான் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. யாருக்கோ பயந்துகொண்டு ஓடுகிறவர்கள்.

மறுநாள் கேட்டேன். "ஓ, மாத்திக்கலாமே" என்றார், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

இப்போது மெயின் ரோட்டிலேயே போகிறேன். பெருமை ஒன்றும் இல்லை, எரிச்சல்தான். என் இடத்தை வேறு யாரோ அந்தத் தெருவில் எடுத்துக்கொண்டிருப்பான் என்றும் தெரியும். டீம் முழுக்கப் பத்து மணிக்கு வருவதால் இன்னும் நாலு பைக் குறைந்திருக்கலாம், அவ்வளவுதான்.

போன மாதம் ஒருநாள் மழையில் மனம் உடைந்து உள்ளே திரும்பிவிட்டேன். அந்தக் கேட்டுக்கு முன்னால் இரண்டு பெரிய கருங்கற்கள் போட்டிருந்தார்கள். கற்களுக்கும் கேட்டுக்கும் நடுவே இருந்த சின்ன இடத்தில் கோலம் மழையில் கரைந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.