காக்கும் கடமை யாருடையது?

எச்.ஐ.வி. கிருமியுடன் வாழும் ஒருவர் தம் துணையோடு கூடுங்கால் ஆணுறை அணிதல் கடமையா எனின், ஆம் என்றே எவரும் எளிதில் விடையிறுப்பர். அக்கடமை அவர் ஒருவருக்கே உரியதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

இக்கிருமி நம் நாட்டில் முதன்முதலாகச் சென்னையில் 1986ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அச்சமே அந்நாளில் மிகுந்திருந்தது. இந்நோயுடையாரின் மணவுரிமை நிறுத்திவைக்கப்படுவதாக 1998இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அக்கருத்து வேண்டாதது என 2002இல் அந்நீதிமன்றமே மொழிந்தது. 2004 முதல் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றது. அம்மருந்தை நாள்தோறும் தவறாது உண்டு, குருதியில் கிருமி சோதனைக்குப் புலப்படாத அளவில் நிலைபெறின், உடலுறவால் அது பிறர்க்குப் பரவாது என்பதும் இன்று நிறுவப்பட்ட உண்மை. அந்நிலை எய்தும் வரை ஆணுறை இன்றியமையாதது; எய்திய பின்னரும் பிற பால்வினை நோய்களைத் தடுக்க அது உதவும்.

2017ஆம் ஆண்டுச் சட்டம், தம் நிலையறிந்தோர் பிறர்க்குப் பரவாமல் தக்க முன்னெச்சரிக்கை கொள்ளல் வேண்டும் என்கிறது. தீங்கைக் குறைக்கும் வழியை மேற்கொள்ளுதலும் முன்னரே உண்மையை உரைத்தலும் அதில் அடங்கும். அறமோ இவ்விரண்டையும் வேண்டும். துணையின் உடலுக்கு நாம் பட்ட கடன் பாதுகாப்பு. துணையின் உள்ளத்திற்குப் பட்ட கடன் உண்மை.

ஆயினும், உண்மை கூறியவரை வீட்டினின்றும் வேலையினின்றும் துரத்துவோர், உண்மையை எதிர்பார்க்கும் தகுதி உடையரோ? கணவனிடமிருந்தே இக்கிருமியைப் பெற்ற மனைவியர் பலர். ஆணுறை அணியுமாறு கேட்ட மனைவியின் கற்பை ஐயுறும் இல்லத்தில் அவள் எவ்வாறு வாய் திறப்பாள்? சமூகத்தின் கொடுமை ஒருவனைத் தன் கடமையினின்று விடுவிக்காது என்பது மெய்யே. எனினும், கடமையைச் செய்வோர்க்குத் தண்டனை அளிக்கும் சமூகம் தானும் குற்றத்தில் பங்குடையதாகும்.

ஆதலின், தம் நிலையறிந்தோர் துணையைக் காத்தல் வேண்டும். அறியாதோர் சோதித்து அறிதல் வேண்டும். அறியாமையால் பரப்புவோரும் உளர் அன்றோ? ஏனைய நாம், உண்மை உரைப்பார் எதனையும் இழவாதவாறு அவர்க்குத் துணை நிற்றல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் மற்ற இரண்டும் தளரும்.