பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

விழுப்புரம் மாவட்டத்துக்கு மென்பொருள் துறை அரசு முறைப்படி வந்து சேர்ந்த நாள் 2024 பிப்ரவரி 17. அன்றுதான் அங்கே மினி டைடல் பூங்காவை முதலமைச்சர் திறந்துவைத்தார். செலவு 31 கோடி ரூபாய், பரப்பு 63,000 சதுர அடி. கட்டடம் நிற்பது வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில், அதாவது புதுச்சேரிக்குப் பக்கத்தில். விழுப்புரத்துப் பெண்ணுக்கும் திண்டிவனத்துப் பையனுக்கும் அது சொந்த மாவட்டம்தான், வரைபடத்தின்படி.

ஆனால் இந்த மாவட்டம் மென்பொருளுக்கு ஆள் அனுப்பத் தொடங்கியது அதற்கு வெகு முன்பே. 2007-08இல் பொறியியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2008இல் விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் வந்தன. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை, 2011இல் விலையில்லா மடிக்கணினி. தேர்ச்சிப் பட்டியலில் நெடுங்காலம் பின்வரிசையில் கிடந்த மாவட்டத்தில், கரும்புக் கொல்லையும் கடலைக் கொல்லையும் உள்ள வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போவது சாதாரணச் செய்தி ஆனது. இந்தச் சலுகைகளை இலவசம் என்று ஏளனம் செய்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அந்த மடிக்கணினியில் பிள்ளைகள் சினிமா பார்த்தார்கள் என்பார்கள். பார்த்தார்கள்தான். விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் அதில் இருந்தது. அதை வைத்து வேறென்ன செய்யலாம் என்று சொல்ல வீட்டிலோ தெருவிலோ யார் இருந்தார்கள்?

இந்த யாருமில்லாமைதான் விஷயம். சென்னையில் ஒரு மாணவனுக்குச் சித்தப்பாவோ எதிர்வீட்டு அக்காவோ இந்தத் துறையில் இருப்பார். விழுப்புரத்தில் மாமா ரயில்வேயில் இருப்பார், இல்லையென்றால் போக்குவரத்துக் கழகத்தில் இருப்பார். கல்யாணம் முதல் கடன் வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் யோசனை உண்டு. இதற்கு மட்டும் "நல்ல கம்பெனியாப் பாத்துப் போப்பா" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது.

அந்த இடத்தை நிரப்ப வருவது வியாபாரம். கடைசி ஆண்டு பிராஜெக்டைப் பணம் வாங்கிக்கொண்டு செய்துதர சென்டர்கள் உண்டு. வேலைக்கு உத்தரவாதம் தரும் கோர்ஸ்கள் உண்டு. காசு கொடுத்து பிராஜெக்ட் வாங்கியவர், அடுத்த ஆண்டே பிறருக்கு பிராஜெக்ட் செய்துகொடுக்கும் வேலையில் சேர்கிறார். இடையில் ஆப்டிட்யூட் தேர்வு. இரண்டு குழாய்கள் சேர்ந்தால் தொட்டி எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்ற கேள்வி அதில் தவறாமல் வரும்; ஒரு குழாயிலாவது தண்ணீர் வருமா என்பது பாடத்திட்டத்தில் இல்லை. பிறகு ஆங்கிலம். அரியர் இருந்தால் பல கம்பெனிகளில் கதவருகே நிறுத்தி அனுப்பிவிடுவார்கள். எல்லாம் தாண்டினால் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிய சம்பளம். பத்தாண்டுகளுக்கு மேலாக அந்தத் தொகை அநேகமாக அங்கேயே நிற்கிறது. சென்னையில் அறை வாடகை அப்படி நிற்கவில்லை.

நிரல் எழுதுபவர் வளர்வது பதவிப் பெயரால் அல்ல. எழுதியதை வேறொருவர் வரிவரியாகப் படித்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்கும்போதுதான் வளர்கிறார். பிறர் எழுதியதைப் படித்து, உடைத்து, மறுபடி ஓட வைக்கும்போதும் வளர்கிறார். இதற்குச் சான்றிதழ் கிடையாது. அதனால் யாரும் இதை விற்பதும் இல்லை.

விற்காமல் தருகிறவர்கள் விழுப்புரத்தில் இருக்கிறார்கள். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக வார இறுதிகளில் கூடி, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறது. சொல்லித்தருபவர்கள் தன்னார்வலர்கள், வாரநாளில் கம்பெனிக்கு உழைத்துவிட்டு வருபவர்கள். அவர்கள் கையில் எடுத்திருப்பது கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் நிரலைப் படித்து மாற்றக்கூடிய மென்பொருள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். மேல்பாக்கத்து மாணவிக்கு இதில் என்ன லாபம் என்றால், இந்த நிரலைப் படிக்க அவரிடம் யாரும் மதிப்பெண் கேட்பதில்லை. ஒரு திருத்தம் எழுதி அனுப்பினால், முகம் தெரியாத ஒருவர் அதைப் படித்துக் குறை சொல்வார். சில சமயம் நயமில்லாமலும் சொல்வார். பிராஜெக்ட் சென்டர்காரர் ஒருநாளும் குறை சொல்லமாட்டார்.

இப்போது நிலைமை இன்னும் இறுகிவிட்டது. புதியவருக்குக் கொடுத்துப் பழக்கிய சின்னச் சின்ன வேலைகளை, ஒரு படிவம், ஓர் அறிக்கை, ஒரு சோதனை நிரல், ஏ.ஐ. இயந்திரமே எழுதித் தருகிறது. மேல்படியிலும் நிம்மதி இல்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, 12,000க்கும் மேற்பட்டவர்களை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் இடைநிலையிலும் மூத்த நிலையிலும் இருந்தவர்கள். கோர்ஸ் போர்டுகளில் ஜாவா இருந்த இடத்துக்கு ஏ.ஐ. வந்துவிட்டது, உத்தரவாதம் அப்படியே இருக்கிறது. இயந்திரம் எழுதியது சரியா தவறா என்று சொல்ல, நிரலைப் படிக்கத் தெரிய வேண்டும். அந்தப் படிப்பை உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். அதை டைடல் பூங்காவின் 63,000 சதுர அடியால் தர முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் படித்துவிட்டு இன்று ஓ.எம்.ஆரிலும் பெங்களூரிலும் இருப்பவர்களே, கல்லூரி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வர வேண்டாம். தன்னம்பிக்கை உரைகள் போதுமான அளவு நிகழ்த்தப்பட்டுவிட்டன. ஒரே ஒரு மாணவர் எழுதும் நிரலை வாரம் ஒரு மணி நேரம் படித்து, பிழைகளைக் குறித்து அனுப்புங்கள். இரண்டாம் ஆண்டு மாணவராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கடைசி ஆண்டில் தொடங்கினால் நேரம் போதாது.