மல்டிமீட்டரைச் சோதிப்பது எது?

வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் மேசை அமைப்பவர் வாங்கும் பொருள்கள் இரண்டு வகைப்படும். சால்டரிங் அயர்ன், ஈயம், ஃப்ளக்ஸ், கட்டர், சாமணம் போன்றவை வேலை செய்பவை. மல்டிமீட்டர், ஆசிலோஸ்கோப் போன்றவை சேதி சொல்பவை. முதல் வகையில் குறை இருந்தால் மறைவதில்லை. 60/40 ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். பலகைக்குச் சூடு போதாவிட்டால் பற்று சரியாகப் படராமல் உருண்டையாக நிற்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். மீட்டரில் அந்த வசதி இல்லை. பிழையான மீட்டரும் சரியான மீட்டரும் ஒரே தெளிவோடுதான் எண்களைக் காட்டுகின்றன. அறிவைத் தரும் கருவி சரியானது என்பதை எதைக் கொண்டு அறிவது என்று இந்தியத் தத்துவ மரபு பல நூற்றாண்டுகளாக வாதிட்ட கேள்வி இங்கே நடைமுறைச் சிக்கலாகிறது.

இதை மிகக் கூர்மையாக எழுப்பியவர் பௌத்தரான நாகார்ஜுனர். பொருள்களை நிறுவுவது பிரமாணம், அதாவது அறிவைத் தரும் கருவி, என்றால் பிரமாணத்தை நிறுவுவது எது என்று 'விக்ரஹவ்யாவர்த்தனி'யில் அவர் கேட்டார். இன்னொரு பிரமாணம் என்றால் அதற்கு வேறொன்று வேண்டும். தருக்க நூலார் அனவஸ்தை என்று சொல்லும் முடிவில்லாத தொடர் அது. நெருப்பு பிறவற்றோடு தன்னையும் விளக்குவதுபோலப் பிரமாணம் தன்னையே நிறுவிக்கொள்ளும் என்றால், நெருப்பில் இருளே இல்லாதபோது அது தன்னை எப்படி விளக்கும் என்று மறுத்தார். அளக்கப்படும் பொருளே அளக்கும் கருவியை நிறுவும் என்றால், ஒன்றையொன்று பற்றி நிற்கும் குற்றம் வந்துவிடுகிறது.

நியாய மரபு இதற்குத் தந்த பதில் தராசு. தராசு பொன்னின் எடையை அறியும் கருவி. தராசின் மீதே ஐயம் வந்தால், எடை தெரிந்த பொன்னை வைத்துத் தராசைச் சோதிக்கலாம். அப்போது பொன் கருவியாகிறது, தராசு சோதனைப் பொருளாகிறது. நியாய சூத்திரத்தில் வரும் இந்த உவமையை வாத்ஸ்யாயனர் தம் உரையில் விரித்துச் சொல்கிறார். கருவி என்பதும் பொருள் என்பதும் ஒன்றின் நிலையான இயல்புகள் அல்ல, சூழலைப் பொறுத்து ஏற்கும் பாத்திரங்கள் என்பதே அவர்கள் நிலை. அனவஸ்தை முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஐயப்படும் தேவையும் இல்லை.

நாகார்ஜுனர் சொன்ன ஒன்றையொன்று பற்றுதல் எவ்வளவு பெரிய குற்றம் என்பதை ஒரு சிறு சுற்றில் பார்த்துவிடலாம். 9 வோல்ட் மின்மூலத்தின் குறுக்கே இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்தால், நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். அங்கே 10 மெகாஓம் உள்தடை கொண்ட டிஜிட்டல் மீட்டரை வைத்தால் 4.29 என்று காட்டும். மலிவான மீட்டர்கள் சிலவற்றின் உள்தடை 1 மெகாஓம்தான். அவை 3 வோல்ட் காட்டும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்ற பழைய முள் மீட்டரை 10 வோல்ட் அளவில் வைத்தால் முள் 1.3-க்குச் சற்றுக் கீழே நிற்கும். இம்மூன்றில் எதுவும் பழுதானதல்ல. ஒவ்வொன்றும் தான் தொட்டபின் அந்தப் புள்ளியில் உண்மையாகவே இருக்கும் அழுத்தத்தைச் சொல்கிறது. தொடுவதற்கு முன் இருந்தது வேறு. கருவியும் பொருளும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. என்றாலும் மீட்டரின் உள்தடை தெரிந்தால் மூன்று அளவுகளிலிருந்தும் அதே 4.5-ஐக் கணக்கிட்டு எடுக்கலாம். ரெசிஸ்டர்களின் மதிப்பை நம்பி மீட்டரின் உள்தடையைக் கண்டுபிடிக்கவும் முடியும். சார்பு இருப்பதனாலேயே அறிவு குலைந்துவிடுவதில்லை. சார்பின் அளவு தெரியாதபோதுதான் குலைகிறது. இந்த இடத்தில் நியாயத்தார் பக்கமே வலுவாக இருக்கிறது.

ஆனால் மேசையில் அன்றாடம் நடப்பதை மீமாம்சை மரபு இன்னும் நேர்மையாக விவரிக்கிறது எனலாம். எழும் அறிவு தன்னளவிலேயே செல்லத்தக்கது. காரணத்தில் குறையோ எதிரான அறிவோ தென்பட்டால்தான் அது விலகும் என்பது மீமாம்சகரான குமாரிலரின் கொள்கை. 5 வோல்ட் என்று மீட்டர் காட்டினால் யாரும் நிரூபணம் தேடுவதில்லை, அடுத்த வேலைக்குப் போகிறார்கள். காரணத்தில் குறை என்பதற்கு எடுத்துக்காட்டும் மீட்டருக்குள்ளேயே உண்டு. மலிவான டிஜிட்டல் மீட்டரில் பேட்டரி தளர்ந்தால் அதன் உள் ஒப்பீட்டு அழுத்தமும் இறங்கி, திரையில் எண் கூடுதலாக வரும். திரை மூலையில் தோன்றும் பேட்டரிக் குறியை அலட்சியம் செய்பவர், நல்ல பவர் சப்ளையைப் பழுது என்று பிரித்துப்போட நேரும்.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் மீமாம்சை போதாது. மின்சாரம் நிறுத்தப்பட்ட கம்பியைத் தொடுமுன், மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் டெஸ்டரைச் சோதிப்பார்கள். பிறகு கம்பியைப் பார்ப்பார்கள். மறுபடியும் முதல் இடத்தில் வைத்து டெஸ்டர் இடையில் செத்துப்போகவில்லை என்று உறுதி செய்வார்கள். தராசு உவமை அப்படியே செயலில் இருக்கிறது.

எதை வாங்குவது என்ற கேள்விக்கும் இதிலிருந்து விடை வருகிறது. விலை உயர்ந்த ஒரே மீட்டரை விட, நடுத்தரமான ஒன்றும் அதைச் சரிபார்க்க ஏதாவது ஒன்றும் இருப்பது மேல். அதே தயாரிப்பில் இரண்டாவது மீட்டர் வாங்கினால் இரண்டுக்கும் ஒரே குறை இருக்கக்கூடும். 1 சதவீத ரெசிஸ்டர்கள் சில, 10, 7.5, 5, 2.5 வோல்ட் தரும் ஏடி584 ஒப்பீட்டுப் பலகை ஒன்று ஆகியவை எடை தெரிந்த பொன்னாகும். 7805 ரெகுலேட்டர் அதற்கு ஆகாது, 4.8 முதல் 5.2 வரை எங்கிருந்தாலும் அது நல்ல 7805-தான். ஆசிலோஸ்கோப்பின் முகப்பில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் முனை ஒன்று வழக்கமாக இருக்கும். புரோபை அதில் மாட்டி, அலையின் முனைகள் மழுங்கியிருந்தால் சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். இதைத் தன்னையே விளக்கும் நெருப்பு என்று எண்ணிவிடக் கூடாது: சோதிக்கப்படுவது புரோபின் பொருத்தம் மட்டுமே.

ஒப்பீட்டுப் பலகையை எதற்காக நம்புவது? இங்கேதான் உரை, அதாவது நம்பத்தக்கவர் சொல், வருகிறது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் பத்து அளவைகளையும் (பிரமாணங்களையும்) காட்சி, கருதல் (அனுமானம்), உரை என்னும் மூன்றில் அடக்குகிறார். மீட்டரின் எண் காட்சிபோலத் தோன்றினாலும் உண்மையில் கருதல். உள்ளே ஓர் ஒப்பீட்டு அழுத்தத்தோடு நடந்த ஒப்பீட்டிலிருந்து பெற்ற முடிவு அது. டேட்டாஷீட்டும் காலிபிரேஷன் சான்றிதழும் உரை. அந்தச் சான்றிதழின் சங்கிலி, இந்தியாவில் டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகிறது. அதன் உச்சியில் இருப்பது ஜோசப்சன் விளைவு: மீக்கடத்திச் சந்தியில் அதிர்வெண்ணிலிருந்து வோல்ட் பெறப்படுகிறது. இரண்டையும் இணைப்பவை எலக்ட்ரானின் மின்னூட்டமும் பிளாங்க் மாறிலியும். 2019 மே 20 முதல் இவற்றின் மதிப்புகள் அளந்து பெறப்படுவதில்லை. நாடுகள் கூடி வரையறுத்து நிலைநிறுத்தியவை. சங்கிலி நிற்பது ஓர் உடன்பாட்டில். அந்த உடன்பாடும் வெறும் விருப்பமல்ல. வெவ்வேறு நாட்டு ஆய்வகங்களின் சந்திகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைப் பலமுறை சோதித்த பிறகே அது சாத்தியமாயிற்று. அந்தச் சோதனைகளில் ஒவ்வொரு சந்தியும் ஒரு முறை தராசாகவும் மறுமுறை பொன்னாகவும் இருந்தது.