நிலவா, வளையமா?

செங்கத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூரையும் தாண்டிப் போனால் காவலூர். 1977 மார்ச் 10 இரவு, நள்ளிரவு கடந்த வேளை. அங்கிருக்கும் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி ஒரு விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தது. யுரேனஸ் கோள் அந்த விண்மீனை நெருங்கி வரும் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் கோள் எட்டத்தில் இருக்கும்போதே ஒளி சட்டென்று மங்கியது. சில நொடிகளில் பழையபடி ஆகிவிட்டது.

ஏதோ ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. எது?

யுரேனஸுக்கு ஒரு புதிய நிலவு என்று வானியலாளர்கள் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியோடு பறந்துகொண்டிருந்த அமெரிக்க வானியலாளர்களும் ஒளி மங்கியதைப் பார்த்தார்கள். கோள் விண்மீனை மறைப்பதற்கு முன் பலமுறை மங்கியது. கோள் விலகிய பின் அதே வரிசை தலைகீழாகத் திரும்ப வந்தது. இருபுறமும் இப்படி ஒத்து நிற்க நிலவுகளால் ஆகாது, வளையங்களால் ஆகும். அதே ஆண்டு, அதே இதழில், பட்டாச்சார்யா வானியலாளர் வைணு பாப்புவோடு சேர்ந்து சனியைப் போன்ற வளையத் தொகுதியைப் பற்றி எழுதினார்.

முதல் கட்டுரையைப் பிழை என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. அன்றுவரை அறியப்பட்ட வளையமுள்ள கோள் என்றால் சனி ஒன்றுதான். கருவி சொன்னது 'ஒளி குறைந்தது' என்பதை மட்டும். 'நிலவு' என்ற சொல் அதுவரை மனிதர் அறிந்திருந்ததிலிருந்து வந்தது. பார்த்ததற்கும் அறிந்ததற்கும் நடுவே உள்ள இந்த மெல்லிய இடத்தில்தான் இயற்பியல் முடிந்து தத்துவம் தொடங்குகிறதா, அல்லது இரண்டும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றனவா?

தமிழுக்கு இது புதிய கேள்வி அல்ல. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவது எப்படிச் செல்லும், எங்கே செல்லாது என்று மணிமேகலையின் 29ஆம் காதை நுணுகி நுணுகிப் பேசுகிறது. கோடையில் செங்கத்துக்காரர்கள் மலைச்சரிவில் புகையைக் கண்டால் காடு எரிகிறது என்பார்கள். சில நாள் அது வெறும் பனிமூட்டமாக இருக்கும். காவலூரில் கண்ட புகை ஒன்று; அதற்குப் பொருந்தக்கூடிய நெருப்புகள் இரண்டு.

இயற்பியலும் தத்துவமும் சந்திக்கும் இந்த இடத்திலேயே ஒரு வாழ்நாளைச் செலவிடத் துணிந்தவர் சுந்தர் சருக்கை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பெங்களூரின் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தில் தத்துவவாதியாக நிலைத்தார். இந்தியத் தத்துவத்தையும் அறிவியல் தத்துவத்தையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசும் அவருடைய ஆங்கில நூல் 2005இல் வந்தது. அடையாளத்தைக் கொண்டு அறியும் நியாயத் தத்துவ மரபின் வழியை இன்றைய அறிவியலின் அருகில் வைத்துப் பார்க்கிறது அது. பின்னர் மணிப்பாலில் தத்துவத்துக்கென ஒரு மையத்தையே தொடங்கி நடத்தினார்.

இயற்பியல் துறையை விட்டு வெளியேறாமலே அந்தக் கேள்வியைச் சுமந்தவர்களும் உண்டு. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்து, பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரான இ.சி.ஜி. சுதர்சன் அப்படிப்பட்டவர். காவலூரில் ஒளி மங்கிய அதே 1977இல் அவரும் பைத்யநாத் மிஸ்ராவும் ஒரு விந்தையை எழுதினார்கள்: சிதையக் காத்திருக்கும் ஒரு துகளை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால், குவாண்டம் கணக்கின்படி அது சிதையவே சிதையாது. அம்பு அசையாது என்று வாதிட்ட பழைய கிரேக்கத் தத்துவவாதி ஜீனோவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1990இல் அமெரிக்காவில் பெரிலியம் அயனிகளை வைத்து, அடிக்கடி அளந்தால் மாற்றம் தடைபடுகிறது என்று சோதித்துக் காட்டினார்கள். 'பார்ப்பது என்றால் என்ன' என்பது இங்கே சோதனைச்சாலைக் கேள்வியாகவே ஆகிவிட்டது.

ஆனாலும் மலையடிவாரத்து வீட்டில் ஒரு பெண் இயற்பியல் படித்துவிட்டு, "மேலே தத்துவம் படிக்கப் போறேன்" என்றால் என்ன நடக்கும்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் ஒரு கட்டடம், தத்துவம் வேறு கட்டடம். விண்ணப்பப் படிவத்தில் துறை என்ற கட்டம் ஒன்றே ஒன்று. நடுவில் நிற்பவருக்கு அந்தக் கட்டத்தை நிரப்புவதே முதல் சிக்கல்.

அவளுக்கு வழி சொல்ல இங்கேயே ஒரு முன்மாதிரி உண்டு. மலைபடுகடாம் இந்தச் செங்கத்து மன்னன் நன்னனிடம் செல்லும் வழியைச் சொல்லும் சங்கப் பாட்டு. போய் வந்த கூத்தன், போகப்போகும் கூத்தனுக்கு மலைவழியைச் சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், எங்கே கால் வழுக்கும், தினைக்காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிறான். துறை தாண்டிப் போய்வந்தவர்கள் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதும் இதைப் போன்ற வழிக்குறிப்புகளைத்தான். சருக்கை குழந்தைகளோடும் தத்துவம் பேசுகிறார். காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கவும் பிள்ளைகள் மலையேறி வருகிறார்கள். அவர்களிடம் யுரேனஸின் வளையத்தைப் பற்றிச் சொல்பவர்கள், அதற்கு முன்னால் எழுதப்பட்ட நிலவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.