தாயத்துக்கு ஒரு நீதி, மாத்திரைக்கு ஒரு நீதியா?

தலையில் பலத்த அடி. உயிர் பிழைத்தது, உடலும் தேறிற்று. ஆனால் நேற்று நடந்தது நினைவில் இல்லை. சொல்ல வந்த சொல் நாவில் நிற்பதில்லை. கணக்கெழுதிய கை, கூட்டலைக் கண்டு திகைக்கிறது. "நினைவை மீட்டுத்தர மருந்தே இல்லையா?" என்று கதறுகின்றனர் இல்லத்தார்.

தாயத்துக் கட்டுவோன் வந்தால், "மெய்ப்பித்துக் காட்டு" என்று மடக்குவோம். மருத்துவர் மாத்திரை நீட்டினால் மட்டும் மறுபேச்சின்றி வாங்கிக்கொள்வதா? இதுவா பகுத்தறிவு, தோழர்களே?

சிட்டிகோலின் என்றொரு மருந்து. மூளைக் காயத்துக்கெனப் பல நாடுகளில் வழங்கப்பட்டு வந்தது. அமெரிக்க மருத்துவர்கள் 2007 முதல் 2011 வரை 1,213 பேரிடம் அதைச் சோதித்தனர். ஒரு பாதியினருக்கு மருந்து. மறு பாதியினருக்கு மருந்தற்ற போலி. எவருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 90 நாட்கள் கழித்து அளந்தனர். மருந்து உண்டோரில் 35.4 விழுக்காட்டினர் அன்றாட வாழ்வில் நன்கு தேறியிருந்தனர். போலி உண்டோரில்? 35.6 விழுக்காட்டினர்! நினைவாற்றலிலும் மருந்து மேம்பாடு காட்டவில்லை. 2012இல் இம்முடிவு வெளிவந்தது.

எண்ணிப் பாருங்கள். போலி உண்ட பாதியினர் இல்லாதிருந்தால், நூற்றுக்கு முப்பத்தைந்து பேரை மருந்தே காத்தது என்று பறைசாற்றியிருப்போம்! தானே தேறும் மூளையின் ஆற்றலை மாத்திரையின் வரவில் எழுதியிருப்போம். தாயத்தின் புகழ் வளர்ந்ததும் இப்படித்தானே!

"துன்புறுவோருக்குப் போலி தருவது கொடுமையல்லவா?" என்பர் இரக்கமுள்ளோர். நல்ல கேள்விதான். ஆனால், இரண்டில் ஒன்றே கிடைக்கும் என்று முன்னரே உரைத்து, இசைவு பெற்றுச் செய்வது சோதனை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக் காசு பெறுவதே மோசடி.

சோதனை மருந்துக்குப் பகை அன்று. அதே 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு. தலைக் காயத்தால் உணர்வு குன்றிக் கிடந்த 184 பேர். அமெண்டடின் உண்டோர், உண்ட நான்கு வாரங்களில் விரைந்து தேறினர். நிறுத்தியபின் விரைவு குறைந்தது. ஆறாம் வார முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலை. பயன் எவ்வளவோ, அவ்வளவே சொன்னது சோதனை. கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"உறுதியாகச் சொல்வதற்கில்லை" என்று மருத்துவர் கூறும்போது இல்லத்தாரின் நெஞ்சு வலிக்கும். ஆயினும் அந்தச் சொல்லுக்குப் பின்னரே நாட்குறிப்பும், பயிற்சியும், பொறுமையான துணையும் தம் பணியைத் தொடங்கும். வலிக்கும் உண்மை வழி காட்டும். இனிக்கும் பொய் வழியை அடைக்கும். ஆதலின் கேளுங்கள், எவர் நீட்டினாலும் கேளுங்கள்: "மெய்ப்பித்தது எங்கே?"