குரல் யாருடையது?

ஆலயத்தில் பழகிய குரல் அரங்கிலேறிக் காதற்பாட்டுப் பாடினால், அது இறைவனுக்குச் செய்யும் துரோகமாகுமா? அமெரிக்கக் கறுப்பின மக்களின் திருச்சபைகளில் இவ்வினா பலமுறை எழுந்து மனத்தாங்கலை விளைவித்திருக்கிறது. அவர்களுள் சாம் குக் என்னும் பாடகரின் வாழ்வைக் கொண்டு இதனை எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

1931-இல் மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேல் நகரில் ஒரு போதகரின் மகனாய்ப் பிறந்தவர் அவர், வளர்ந்தது சிகாகோவில். சிறுவனாய் உடன்பிறந்தாரோடு ஆலயத்தில் பாடினார். இருபது வயதளவில் 'சோல் ஸ்டிரர்ஸ்' என்னும் புகழ்பெற்ற காஸ்பல் குழுவின் முதன்மைப் பாடகரானார். காஸ்பல் என்பது நற்செய்தியைப் பாடும் அம்மக்களின் இசை. பாடுபவர் ஒருவராயினும் கேட்பவர் வாளாவிருப்பதில்லை. அடிக்கு ஓர் 'ஆமென்', தேம்பலுக்கு ஒரு கைதட்டல் என்று உடன் வருவர். இரத்தப்பெருக்கினால் வருந்திய பெண் ஆண்டவரின் ஆடை விளிம்பைத் தொட்ட நிகழ்ச்சியை 1956-இல் அவர் பாடிப் பதிவு செய்தார். அதைக் கேட்கையில், கூட்டத்தில் நெருக்குண்டு கை நீட்டும் அவள் நம் கண்முன் நிற்கிறாள்.

அதே ஆண்டின் இறுதியில் வேறொரு பாட்டும் பதிவாயிற்று. இறைவனைப் புகழ்ந்து குழுவினர் பாடிவந்த 'வொண்டர்ஃபுல்' என்னும் பாட்டை எடுத்து, இறைவன் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்து, 'லவபிள்' என்று ஆக்கினார். தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். 1957-இல் வெளிவந்த இசைத்தட்டில் 'டேல் குக்' என்றிருந்தது. ஆலயத்தார் ஏமாறவில்லை. பெயரை மறைக்கலாம், அந்தக் குரலை எங்கே மறைப்பது? அவ்வாண்டே குழுவைவிட்டு நீங்கி, சாம் குக் என்றே 'யூ செண்ட் மீ' பாட்டை வெளியிட்டார். அது நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

இங்கே நம்மில் பலர் தாலந்து உவமையை எடுப்பர். தாலந்தைத் தகாத சந்தையில் செலவிட்டார் என்பர் ஒரு சாரார். மண்ணில் புதைக்கவில்லையே என்பர் மறுசாரார். உவமை இருவருக்கும் இடங்கொடுக்கிறது. ஆகவே வழக்கைத் தீர்க்கவில்லை. மெட்டைக் கொண்டு தீர்க்கவும் வழியில்லை. காஸ்பல் இசையின் தந்தை எனப்படும் தாமஸ் டார்சி, முன்பு 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் மதுக்கூடங்களின் புளூஸ் பாடல்களை வாசித்தவர். அந்தச் சாயலை அவர் ஆலயத்துக்குள் கொணர்ந்தபோது கதவடைத்த போதகர்களும் உண்டு. சந்தையிலிருந்து வந்தது மீண்டும் சந்தைக்குப் போயிற்று எனில், களவு எங்கே நடந்தது?

புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிடும் நூலில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை உருக்கிய வேளைகளைப் பாவமென்று கூறி வருந்துகிறார். அவர் கேட்டதோ கோவிலில் பாடிய பாட்டு! நம் பாடகர் குழுவினர் இதை அறிவர். அறியாதவர்போல் இருப்பதும் உண்டு.

ஆயினும் அந்த ஆலயத்தாரின் மனத்தாங்கலை வெறும் அறியாமை என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் 'ஆமென்' சொல்லிச் சொல்லி அக்குரலை வளர்த்தவர்கள் அவர்கள். வாரமெல்லாம் பிறர் வீட்டில் உழைத்துக் களைத்து வந்தவர்களுக்கு அது ஆறுதலாயிருந்தது. அதில் அவர்களுக்குப் பங்குண்டு. குக்கும் இதை உணர்ந்திருந்தார் போலும். பின்னாளில் நண்பரோடு தாமே இசைத்தட்டு நிறுவனம் நடத்தியபோது, பழைய குழுவினரை அழைத்து அவர்களின் காஸ்பல் பாடல்களைப் பதிவு செய்தார். குற்றம் ஒன்று இருந்ததெனில், தம்மை வளர்த்தவர் முன்னே வேறு பெயரில் நின்றதே அது என்று நாம் கருதுகிறோம். காதலைப் பாடியதை நாம் குற்றமாக எண்ணவில்லை.

1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில், நிறத்தின் பொருட்டு விடுதியில் இடம் மறுக்கப்பட்டு, அதை எதிர்த்ததால் கைது செய்யப்பட்டார். அடுத்த சனவரியில் 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' பதிவாயிற்று. மாற்றம் வரும் என்னும் அப்பாட்டில், சாவைப் பற்றிய அச்சமும் வானுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்னும் ஐயமும் ஒளிவின்றி ஒலிக்கின்றன. காஸ்பல் மேடையில் நின்று அந்த ஐயத்தைச் சொல்லியிருக்க முடியுமா? திருப்பாடல்களில் அத்தகைய கதறல் உண்டு. நம் வழிபாட்டுக் கூட்டங்களில்தான் அதற்கு இடம் குறைவு. போதகரின் மகன் அதனை வெளியே கொண்டுபோய்ப் பாட வேண்டியிருந்தது. பாடிய குரல் மட்டும் ஆலயத்துக் குரலாகவே இருந்தது.

1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு விடுதியில் சுடப்பட்டு இறந்தார்; வயது 33. அப்பாட்டு தனித்தட்டாக வெளிவந்தது அதற்குப் பின்னரே. அந்நகரில் நடந்த இறுதி வழிபாட்டில் ரே சார்ல்ஸ் பாடினார். ஆலயத்துப் பாட்டைக் காதற்பாட்டாக்கினார் என்று குக்குக்கு முன்பே பழிகேட்டவர் அவர். அன்று அவர் பாடியது ஒரு காஸ்பல் பாட்டு.